ப்ளூஸ் கேட்க ஒரு வழி: கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்

ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையைக் கேட்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். நானும் அங்கேதான் விழுந்தேன். "எல்லாவற்றுக்கும் மூலம் ராபர்ட் ஜான்சன்" என்று யாரோ சொன்னதை நம்பி, 41 பதிவுகள் அடங்கிய, அந்த 1930களின் பாடகருடைய முழுத் தொகுப்பை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் அதே பாட்டு. தட்டு கெட்டுவிட்டதோ என்று பார்த்தால், இல்லை. ஒரே பாட்டை அவர் இரண்டு தடவை பாடிய பதிவுகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பின்னால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வேறு. நாலாவது பாட்டில் தூங்கிப்போனேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ப்ளூஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. திரும்ப இழுத்துக்கொண்டு வந்தவர் கிட்டார் கலைஞர் பி.பி. கிங். அதனால் நான் இங்கே சொல்லும் வரிசை வரலாற்று வரிசை அல்ல. 1960களில் நன்றாகப் பதிவான இசையில் ஆரம்பித்து, மெதுவாகப் பின்னோக்கி நடந்து, காது பழகியதும் 1930களின் கரகரப்புக்குள் நுழைவதுதான் வழி. ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நேரம் போதும். ஒரே ஒரு நிபந்தனை: ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையின் பாதி உயிர் அடித்தந்தியில் இருக்கிறது, அது அந்தச் சின்னத் துளையில் வராது. சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

பின்புலம் இவ்வளவு தெரிந்தால் போதும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் பருத்திப் பண்ணைகளில் விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகைக்குப் பயிர் வைத்து, வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் கடனிலேயே நின்ற கறுப்பின மக்களின் இசை இது. வயலில் கூவிய கூவல், தேவாலயப் பாட்டு, சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு வாசித்தது எல்லாம் இதில் கலந்திருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவிலுள்ள தட்டையான வண்டல் பூமியைத்தான் டெல்டா என்கிறார்கள். நாம் கேட்கப்போகிறவர்களில் பலர் அந்த மண்ணில் பிறந்தவர்கள்.

முதலில் விரலில் எண்ணுங்கள்

பாட்டுக்குப் போவதற்கு முன்னால் பத்து நிமிடம் இதற்குச் செலவழியுங்கள். பெரும்பாலான ப்ளூஸ் பாட்டுகளுக்கு ஒரே வீட்டு வரைபடம்தான். நான்கு தாளத் தட்டு சேர்ந்த ஓர் அலகுக்குப் பெயர் பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. அந்தச் சுற்றுதான் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

இதை எண்ண நம் பாட்டிமார் கணக்குப் போட்ட முறை அப்படியே உதவுகிறது. கட்டைவிரலை விட்டுவிட்டால் மற்ற நான்கு விரல்களிலும் மும்மூன்று கண்ணி, மொத்தம் பன்னிரண்டு. ஆனால் விரல் விரலாக எண்ணாதீர்கள், குறுக்கே எண்ணுங்கள். நான்கு விரல் நுனிகளும் முதல் வரிசை, நடுக் கண்ணிகள் இரண்டாவது, அடிக் கண்ணிகள் மூன்றாவது. ஆள்காட்டி விரலில் தொடங்கி, கட்டைவிரலை ஒவ்வொரு கண்ணியிலும் நான்கு தட்டு நேரம் வைத்து நகர்த்துங்கள்.

முதல் வரிசை முழுக்க இசை வீட்டிலேயே இருக்கும், அதாவது சட்ஜத்தில் நிற்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). சில பாட்டுகளில் நடுவிரலில் ஒரு எட்டு வெளியே போய்விட்டு வரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது வரிசை தொடங்கும் இடத்தில் மத்திமத்துக்கு நகரும், இரண்டு பார் இருந்துவிட்டு வீடு திரும்பும். மூன்றாவது வரிசை பஞ்சமத்தில் தொடங்கி, மத்திமத்தில் ஒரு கால் வைத்து, மறுபடி வீட்டுக்கு இறங்கும். பாட்டின் வரிகளும் இதே மூன்று வரிசையில் உட்காரும். முதல் வரியைப் பாடுவார்கள், இரண்டாவது வரிசையில் அதையே திரும்பச் சொல்வார்கள், மூன்றாவதில் பதிலோ குத்தலோ வரும். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டினேன், பொறுத்துக்கொள்ளுங்கள்:

காலையிலே எழுந்து பார்த்தேன், வாசலிலே செருப்பைக் காணோம்
ஆமாம், காலையிலே எழுந்து பார்த்தேன், வாசலிலே செருப்பைக் காணோம்
செருப்போடு போனவள் எங்கேன்னு ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியலை

இரண்டாவது தடவை அதே வரி வரும்போது கேட்கிறவருக்கு அடுத்து என்ன என்று ஒரு தவிப்பு வந்துவிடுகிறது. மூன்றாவது வரி அந்தத் தவிப்பின்மேல் போய் விழுகிறது. ப்ளூஸ் என்றால் அழுகை என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதில் எவ்வளவு கிண்டல் இருக்கிறது என்பது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொன்று, வரி வரிசை முழுவதையும் நிரப்பாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குரல் ஓடும். மோதிர விரலும் சுண்டுவிரலும் காலியாக இருக்கும். அங்கேதான் கிட்டாரோ பியானோவோ மௌத் ஆர்கனோ பதில் சொல்லும். இந்தப் பேச்சும் பதிலும்தான் ப்ளூஸ். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரீகல் தியேட்டர், 1964

1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பி.பி. கிங் நடத்திய கச்சேரி 'லைவ் அட் தி ரீகல்' என்ற பெயரில் அடுத்த வருடம் வெளிவந்தது. முதல் வாரம் முழுக்க இதை மட்டும் கேளுங்கள். முதல் நான்கு பாட்டுகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஓடும், பிரித்துக் கேட்காதீர்கள்.

முதல் பாட்டு வேகமானது, அதைச் சும்மா கேளுங்கள். இரண்டாவதான 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்' வரும்போது விரலை எடுங்கள். மெதுவான நடை, எண்ண வசதி. மோதிர விரலுக்கு வரும்போது கிட்டார் எப்படி உள்ளே வருகிறது என்று பாருங்கள். பி.பி. கிங் பாடிக்கொண்டே வாசிக்கிற ஆள் இல்லை. பாடும்போது கிட்டார் வாயை மூடிக்கொண்டிருக்கும். வரி முடிந்ததும் கிட்டார் பாடும். கார்டு வாசிப்பதும் அவர் வேலை இல்லை, ஒற்றைச் சுரங்கள்தான். ஒரு சுரத்தைப் பிடித்து, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி உயர்த்தி, இடது கையை நடுக்கி அதை அழவைப்பார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. சுரத்தைவிடச் சுரத்துக்குப் போகும் வழிதான் முக்கியம் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன?

நான்காவது 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்'. இதில் ஒரு கட்டத்தில் வாத்தியக் குழு ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். வெறும் அமைதியில் ஒவ்வொரு வரியாக விழும். உனக்குப் புத்தம் புது ஃபோர்டு கார் வாங்கிக் கொடுத்தேன், நீ காடிலாக் கேட்டாய் என்று ஆரம்பிக்கிற புகார்ப் பட்டியல் ஏறிக்கொண்டே போய், ஏழு பிள்ளைகள் கொடுத்தேன், இப்போது அவர்களைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாய் என்ற இடத்தில் அரங்கமே கூச்சலில் வெடிக்கிறது. அந்தக் கூச்சலைக் கவனியுங்கள். கூட்டத்தில் பெண்களின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. துக்கம் கேட்கிற கூட்டத்தின் சத்தமா அது?

அவருடைய கிட்டாருக்கு 'லூசில்' என்று பெயர். 1949 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில், ஒரு நடனக் கொட்டகையில் குளிர்காய வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயை இரண்டு பேர் சண்டையில் உருட்டிவிட்டார்கள். தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவர, பி.பி. கிங் கிட்டாரை எடுக்க உள்ளே ஓடினார். அந்தச் சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்ட அதையே கிட்டாருக்கு வைத்துவிட்டார். 2015இல் தன் 89ஆம் வயதில் இறக்கும்வரை அவர் வாசித்த கிட்டார்கள் எல்லாமே லூசில்தான்.

வாரக் கடைசியில் 'தி த்ரில் இஸ் கான்' கேட்டுக்கொள்ளுங்கள். 1969இல் வந்தது, வயலின்கள் சேர்த்தது. ராய் ஹாகின்ஸ் 1951இல் பாடிய பாட்டு அது. அதையும் தேடிக் கேட்டால், அதே பாட்டை பி.பி. கிங் எவ்வளவு காலி இடம் விட்டுப் பாடியிருக்கிறார் என்று தெரியும்.

சிகாகோவில் கொஞ்ச நாள்

இந்தப் பகுதிக்கு அவசரம் வேண்டாம். பத்து நாள் ஆனாலும் ஆகட்டும்.

மட்டி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்தவரின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். மிசிசிப்பியில் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரித்துக்கொண்டிருந்த ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் பதிவுக் கருவியோடு அவர் குடிசைக்கு வந்தார்கள். தன் குரலைத் தட்டில் திரும்பக் கேட்டபோதுதான் தன்னால் பாட முடியும் என்று அவருக்கே நம்பிக்கை வந்தது. 1943இல் ரயிலேறி சிகாகோ போனார். அந்தப் பத்தாண்டுகளில் தெற்கிலிருந்து வடக்கே வேலை தேடிப்போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களில் அவரும் ஒருவர்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். 1941இல் பண்ணையில் பதிவான 'ஐ பீஸ் ட்ரபுள்ட்' என்ற பாட்டையும், 1948இல் சிகாகோவில் பதிவான 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' என்ற பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே பாட்டு, ஒரே ஆள். நடுவில் ஏழு வருடமும் ஒரு மின்கம்பியும். முதலாவதில் மர கிட்டார், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிற நிதானம். இரண்டாவதில் மின்கிட்டார், பக்கத்தில் பிக் கிராஃபோர்டின் பேஸ் என்ற தாழ்சுரத் தந்தி வாத்தியம், பலகையை அறைகிற மாதிரி அடிக்கிறது. சிகாகோவின் மதுக்கடைகளில் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்றால் மர கிட்டார் போதவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்தத் தட்டின் முதல் அச்சு ஒரு வார இறுதியிலேயே விற்றுத் தீர்ந்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதில் ஊரும் கேட்டது, வந்து சேர்ந்த நகரமும் கேட்டது.

விரலில் சறுக்கிப் போகும் அந்தக் குழைவான ஒலிக்கு ஸ்லைடு என்று பெயர். உடைத்துத் தேய்த்த பாட்டில் கழுத்தையோ சின்ன உலோகக் குழாயையோ விரலில் மாட்டி, தந்தியை அழுத்தாமல் அதன்மேல் இழுப்பார்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அப்புறம் மட்டியின் 1950களின் குழுவுக்கு வாருங்கள். 'ஹூச்சி கூச்சி மேன்' 1954. எழுதியவர் வில்லி டிக்சன், குண்டு உடம்போடு பேஸ் வாசித்தவர். ஒரு கிளப்பில் இடைவேளையின்போது கழிவறையில் நின்றபடி மட்டிக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாராம். இடைவேளை முடிந்ததும் மட்டி மேடையேறிப் பாடிவிட்டார். வார்த்தைகள் புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். குறி சொல்லும் பெண் ஒருத்தி, பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி அம்மாவிடம் சொல்கிறாள். ஏழாம் நாள், ஏழாம் மணி, ஏழு வைத்தியர். பையில் கருப்புப் பூனையின் எலும்பு, மந்திரித்த வேர். தாயத்து கட்டின ஊரில் பிறந்த நமக்கு இது ஆங்கிலப் பாட்டு போலவே தோன்றாது.

அந்தக் குழுவில் மௌத் ஆர்கன் வாசித்த லிட்டில் வால்டரைத் தனியாகக் கேளுங்கள். 1952இல் வந்த 'ஜூக்'. பாட்டு கிடையாது, வெறும் வாசிப்பு. மலிவான மைக் ஒன்றை மௌத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்து வாசிப்பார். சட்டைப்பையில் போடுகிற சின்ன வாத்தியம் சாக்ஸஃபோன் மாதிரி கொழுகொழுவென்று ஒலிக்கும். இன்றைக்கும் மின்ஒலியில் மௌத் ஆர்கன் எடுக்கிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்தான். 1968இல் 37 வயதில் போய்விட்டார்.

ஹௌலின் வுல்ஃப். இவரை ராத்திரி கேளுங்கள். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு, சரளைக்கல்லைக் குரல்வளையில் அரைப்பது மாதிரி குரல். 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' 1956இல் வந்தது. நான் சொன்ன விரல் கணக்கு இதில் வேலை செய்யாது. கார்டு மாறவே மாறாது. ஒரே கிட்டார் இழை திரும்பத் திரும்பச் சுற்ற, அதன்மேல் அவர் ஊளையிடுவார். இளவயதில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாடகர் தொண்டையைப் புரட்டிப் பாடுவதைப் பின்பற்றப் பார்த்து, அது வராமல், வந்த ஊளையையே வைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மேடையில் மிருகம் மாதிரி இருந்த இந்த மனிதர், நடுவயதில் பள்ளிக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றார். தன் குழுவினருக்குச் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்து, வேலையில்லாக் காலக் காப்பீட்டுக்கும் பணம் பிடித்துக் கட்டினார். இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

டெட்ராய்ட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வரலாம். தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஜான் லீ ஹூக்கர் 1948இல் பதிவு செய்த 'பூகி சில்லன்'. ஒரு கிட்டார், ஒரு குரல், தரையில் தட்டுகிற கால். வேறு எதுவும் கிடையாது. உங்கள் காலும் ஆடாவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள்.

முதல் நட்சத்திரங்கள் பெண்கள்

கிட்டாரோடு தனியாக உட்கார்ந்து பாடும் ஆண்தான் ப்ளூஸ் என்ற படம் பின்னால் வந்தது. இசைத்தட்டில் ப்ளூஸ் முதலில் விற்றது பெண்களின் குரலில்தான். 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கே உறைத்தது. அப்புறம் மா ரெய்னி, அப்புறம் பெஸ்ஸி ஸ்மித்.

பெஸ்ஸி 1925இல் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' ஒன்றை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ.சி. ஹாண்டி 1914இல் வெளியிட்ட பாட்டு. மைக் வருவதற்கு முந்தைய பதிவு, ஒரு குழாய்க்கு முன்னால் நின்று பாடியது. பக்கவாத்தியம் இரண்டே பேர். ஒருவர் ஃப்ரெட் லாங்ஷா, வாசிப்பது ஹார்மோனியம். ஆமாம், நம் வீட்டு ஹார்மோனியத்தின் உறவுக்கார வாத்தியம். இன்னொருவர் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், வாசிப்பது கார்னெட் என்ற, டிரம்பெட் போன்ற ஊதுகருவி. பெஸ்ஸி ஒரு வரி முடிக்க, ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார். ரீகல் தியேட்டரில் குரலுக்குக் கிட்டார் சொன்ன அதே பதில், 39 வருடம் முன்னால். மோதிர விரலை நகர்த்திப் பாருங்கள்.

1937இல் கிளார்க்ஸ்டேல் அருகே 61ஆம் நெடுஞ்சாலையில் கார் விபத்தில் பெஸ்ஸி இறந்தார். ஒரு காலத்தில் இவரைவிட அதிகம் சம்பாதித்த கறுப்பினக் கலைஞர் இல்லை என்றார்கள். ஆனால் கல்லறைக்குக் கல் கிடைக்க 1970 ஆனது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் அவரைக் கேட்டே பாடக் கற்ற ராக் பாடகி ஜானிஸ் ஜாப்லின்.

மெம்ஃபிஸ் மின்னியையும் பிக் மாமா தார்ன்டனையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஹவுண்ட் டாக்' என்றதும் எல்விஸ் நினைவுக்கு வந்தால், அவர் பாடியது 1956இல். தார்ன்டன் பாடியது அதற்கு மூன்று வருடம் முன்னால் வந்துவிட்டது. இரண்டையும் கேட்டால் எது நாய், எது நாய்க்குட்டி என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி டெல்டா

இப்போது கரகரப்புக்குள் போகலாம். ஆனால் நேராக ராபர்ட் ஜான்சனிடம் வேண்டாம். முதலில் மிசிசிப்பி ஜான் ஹர்ட். மென்மையான குரல், கட்டைவிரல் அடித்தந்தியில் கடிகாரம் மாதிரி நடக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். 1928இல் சில தட்டுகள் பதிந்துவிட்டு ஊருக்குப் போய் விவசாயத்தைப் பார்த்தார். உலகம் மறந்துவிட்டது. அந்தத் தட்டுகளில் ஒன்றான 'அவலான் ப்ளூஸ்'-இல் அவலான்தான் என் ஊர் என்று பாடியிருந்தார். 1963இல் ஒரு ரசிகர் அந்தப் பெயரைப் பழைய வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து, கார் ஓட்டிப் போய்க் கேட்டால், ஆள் உயிரோடு அங்கேயே இருக்கிறார். வயது எழுபதைத் தொட்டிருந்தது. அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடையில் பாடினார்.

அடுத்த வருடமே சன் ஹவுஸும் ஸ்கிப் ஜேம்ஸும் இதேபோல் கண்டுபிடிக்கப்பட்டார்கள். சன் ஹவுஸ் பிரசங்கியாராகவும் இருந்தவர். சனிக்கிழமை சாத்தான், ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் என்று வாழ்நாள் முழுக்க இழுபட்டார், அந்த இழுபறி குரலில் இருக்கிறது. அவருடைய 1965 பதிவில் 'கிரின்னின் இன் யுவர் ஃபேஸ்' கேளுங்கள். கிட்டாரும் கிடையாது. கைதட்டலும் குரலும் மட்டும். கைதட்டல் சில இடங்களில் தாளத்திலிருந்து நழுவுகிறது, நழுவட்டும்.

இப்போது ராபர்ட் ஜான்சன். 1911இல் பிறந்து 1938 ஆகஸ்டில், 27 வயதில் இறந்தார். பதிவானவை 29 பாட்டுகள்தான். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் பாடியவை. தொகுப்பு வாங்கினால் இரண்டாம் தடவைப் பதிவுகளை எல்லாம் முதலில் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஒரு உட்காரலில் இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். 'கம் ஆன் இன் மை கிச்சன்'-இல் தொடங்குங்கள். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வது போல, காற்று ஊளையிடுவது கேட்கிறதா என்று மெல்லக் கேட்பார். கிட்டார் அந்தக் காற்றைச் செய்து காட்டும். ஹெட்ஃபோனில் இந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் முதல் தடவை இவரைக் கேட்டபோது, கூட வாசிக்கிற இன்னொருவர் யார் என்று கேட்டாராம். ஒருவரே என்று நம்ப முடியவில்லை. நாற்சந்தியில் நள்ளிரவில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுத்தான் இந்த வித்தையை வாங்கினார் என்ற கதை அதனால்தான் ஒட்டிக்கொண்டது. அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொருவரைப் பற்றிச் சொல்லப்பட்டது, இருவரும் சொந்தமும் இல்லை. உண்மையில் நடந்தது இன்னும் சாதாரணம். சரியாக வாசிக்கத் தெரியாமல் சன் ஹவுஸிடம் கேலி வாங்கியவர், சொந்த ஊர்ப்பக்கம் போய் ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் கற்றார். இரவில் யாருக்கும் தொந்தரவு இல்லாத கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பழகினார்கள். எனக்குப் பிசாசுக் கதையைவிட இதுதான் பிடித்திருக்கிறது. வாசிக்க இடம் கிடைக்காமல் மொட்டை மாடிக்குப் போனவர்களுக்குப் புரியும்.

ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

இவர்கள் விட்டுப்போனது என்ன என்று தெரிய ஒரு பாட்டின் வாலைப் பிடித்தால் போதும். 1941இல் ராபர்ட் பெட்வே 'கேட்ஃபிஷ் ப்ளூஸ்' என்று ஒரு தட்டு பதிகிறார். அதே சரக்கை மட்டி வாட்டர்ஸ் 1950இல் ஒற்றை மின்கிட்டாரில் 'ரோலின் ஸ்டோன்' ஆக்குகிறார். 1962இல் லண்டனில் சில பையன்கள் தங்கள் குழுவுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். அதே கேட்ஃபிஷை மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்த ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968இல் அதிலிருந்து 'வூடூ சைல்' என்ற பதினைந்து நிமிடப் பாட்டை வளர்த்தெடுக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம்.

பணக்கணக்கு வேறு மாதிரி. வில்லி டிக்சன் எழுதி மட்டி 1962இல் பாடிய 'யூ நீட் லவ்', 1969இல் லெட் ஸெப்பலின் என்ற ராக் குழுவின் 'ஹோல் லாட்டா லவ்' ஆகி உலகம் சுற்றியது. தட்டில் டிக்சன் பெயர் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டு, 1987இல் சமரசம் ஆனது. மட்டியும் வுல்ஃபும் தட்டு பதித்த செஸ் கம்பெனியின் பழைய கட்டடம், சிகாகோவில் தெற்கு மிஷிகன் அவென்யூ 2120ஆம் எண், இன்று டிக்சன் தொடங்கிய அறக்கட்டளையிடம் இருக்கிறது. நியாயமாகச் சேர வேண்டியது சேராத கலைஞர்களுக்காக அவர் தொடங்கியது.

பெயர்க் குழப்பம்

தேடும்போது மாட்டிக்கொள்ளாமலிருக்க இது. பி.பி. கிங், ஆல்பர்ட் கிங், ஃப்ரெடி கிங் மூவரும் உறவினர்கள் அல்லர், மூவரையும் கேட்கலாம். சன்னி பாய் வில்லியம்சன் என்று இரண்டு பேர், இருவருமே மௌத் ஆர்கன் வாசித்தவர்கள். முதலாமவர் 1948இல் இறந்துவிட்டார். 1960களில் ஐரோப்பாவில் கோட்டும் தொப்பியுமாக வலம்வந்தவர் மற்றவர். இன்னொரு எச்சரிக்கை: பழைய ஆட்கள் வயதான பிறகு அதே பாட்டுகளை மறுபடி பதிந்திருக்கிறார்கள். தலைப்பை மட்டும் பார்க்காமல் பதிவான வருடத்தையும் பாருங்கள்.

நேரில் கேட்க ஆசை வந்தால் அமெரிக்கா போக வேண்டியதில்லை. மும்பையில் 2011இலிருந்து மஹிந்திரா ப்ளூஸ் விழா நடந்துவருகிறது. முதல் வருடமே சிகாகோவின் கிட்டார் கலைஞர் படி கை (Buddy Guy) வந்து வாசித்தார். ஷில்லாங்கின் சோல்மேட் குழுவையும் தேடிக் கேளுங்கள்.

கையில் ஒரு மௌத் ஆர்கன்

கேட்டது போதாமல் கை துறுதுறுத்தால் இரண்டு வழி இருக்கிறது. வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்று ஏறி இறங்கிப் பாருங்கள். ப்ளூஸ் வாடை உடனே வரும். ஆனால் பாடகர்கள் நிற்கும் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அதற்குக் கட்டை கிடையாது. அதனால்தான் பியானோக்காரர்கள் இரண்டு கட்டைகளையும் சேர்த்து நசுக்குகிறார்கள்.

இன்னொரு வழி மௌத் ஆர்கன். கடையில் பெரும்பாலும் இரண்டு அடுக்காக 24 துளை உள்ளதை எடுத்துக் காட்டுவார்கள். அது நம் சினிமாப் பாட்டுக்கு நன்றாக இருக்கும், இதற்கு வேண்டாம். ஒரே அடுக்கில் பத்துத் துளை உள்ள டயடானிக் என்று கேட்டு, சி சுருதியில் வாங்குங்கள். ப்ளூஸ்காரர்கள் சி மௌத் ஆர்கனில் சி வாசிப்பதில்லை, ஜி வாசிப்பார்கள். இடமிருந்து இரண்டாவது துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் அந்த ஜி கிடைக்கும், அதுதான் உங்கள் வீடு. ஊதுவதைவிட இழுப்பதுதான் அதிகம். இழுக்கும்போதே நாக்கின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிச் சுரத்தை வளைக்க வேண்டும், முதல் இரண்டு வாரம் அது வராது. எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை வருகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, கல்லறைத் தோட்டம் எதுவும் பக்கத்தில் இல்லாவிட்டால்.